மகளிர் வாக்குரிமையும் சரோஜினி நாயுடுவும்

சரோஜினி நாயுடுவைக் கவிஞராகவும் விடுதலைப் போராட்டத் தலைவராகவும் பெரும்பாலோர் அறிவர். ஆனால் மகளிர் வாக்குரிமைக்காக அவர் ஆற்றிய பணி அந்த அளவுக்கு அறியப்படவில்லை. இன்றைய வயதுவந்தோர் வாக்குரிமையின் வரலாற்றை அறிய விரும்பும் மாணவர்கள் அப்பணியைப் படிப்படியாக ஆராய்வது அவசியம்.

ஹைதராபாத் பின்னணி

சரோஜினி 1879 பிப்ரவரி 13 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். தந்தை அகோரநாத் சட்டோபாத்யாயர் நிஜாம் கல்லூரி தோன்றக் காரணமாயிருந்தவர். பன்னிரண்டாம் வயதில் சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிய சரோஜினி, பின்னர் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். 1898இல் டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவைக் கலப்பு மணம் புரிந்து கொண்டார். மன்னராட்சி நிலவிய ஹைதராபாத்தில் ஆண்களுக்கே வாக்குரிமை என்பது அயலான கருத்தாக இருந்தது. ஆகவே அவரது போராட்டக்களம் பிரிட்டிஷ் இந்தியாவாக அமைந்தது.

1917: முதல் கோரிக்கை

1917இல் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு அரசியல் சீர்திருத்தம் குறித்துக் கருத்தறிய இந்தியா வந்தார். அதே ஆண்டு அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியிருந்தது. பெண்கல்வி பற்றி முறையிடவே மார்கரெட் கசின்ஸ் முதலில் அனுமதி கேட்டார். அரசியல் தொடர்பான மனுக்கள் மட்டுமே ஏற்கப்படும் என்று பதில் வந்தது. எனவே வாக்குரிமையே கோரிக்கையாயிற்று. டிசம்பரில் சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்த மாதர் தூதுக்குழுவுக்குச் சரோஜினி தலைமை தாங்கினார். சீர்திருத்தத்தில் ‘மக்கள்’ என்று குறிப்பிடப்படுவோருள் பெண்களும் அடங்க வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோளின் சாரம். 1918இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாட்டிலும் அவர் இக்கோரிக்கைக்காக வாதாடினார்.

மாகாணங்களின் முடிவு

சௌத்பரோ குழு இக்கோரிக்கையை ஏற்கவில்லை. சமூகம் இதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று கூறிற்று. 1919இல் சரோஜினி லண்டன் சென்று பாராளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஹீராபாய் டாட்டாவும் அவர் மகள் மிதனும் அங்கு இதே பணியில் ஈடுபட்டனர். இறுதியில் 1919ஆம் ஆண்டுச் சட்டம் இப்பிரச்சினையை மாகாணச் சட்டசபைகளின் முடிவுக்கு விட்டது.

பக்குவமில்லை என்ற வாதம் விரைவில் பொய்த்தது. 1921இல் சென்னை மாகாணம் முதலில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. அதே ஆண்டில் பம்பாயும், 1923இல் ஐக்கிய மாகாணமும் பின்தொடர்ந்தன. எனினும் வாக்குரிமை சொத்துத் தகுதியைச் சார்ந்திருந்தது. சொத்து பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருந்ததால், பெண்களில் மிகச் சிலரே வாக்காளராயினர். சட்டம் தந்த உரிமையைப் பொருளாதார ஏற்பாடு தடுத்தது என்பது இங்கே கருதத்தக்கது.

சமத்துவமா, சலுகையா?

1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட சரோஜினி, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்றும், பெண்களுக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டாம் என்றும் வலியுறுத்தினார். சமத்துவம் வேண்டுவோர் சலுகை கேட்பது முரண் என்பது அவர் தரப்பு. 1935ஆம் ஆண்டுச் சட்டமோ ஒதுக்கீட்டையும் தந்தது. கணவனின் சொத்தை மனைவியின் வாக்குத் தகுதிகளுள் ஒன்றாகவும் ஆக்கியது. அதன் கீழ் வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்து ஆண்களுக்கு ஒரு பெண்ணே இடம் பெற்றார்.

குடியரசும் பெயர்ப்பட்டியலும்

அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும் ஐக்கிய மாகாண ஆளுநராகவும் விளங்கிய சரோஜினி, 1949 மார்ச் 2 அன்று லக்னோவில் காலமானார். அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு நிலைநாட்டிய வாக்குரிமை நடைமுறைக்கு வந்ததைக் காண அவர் இல்லை.

முதல் பொதுத் தேர்தலில் வேறொரு தடை வெளிப்பட்டது. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே கூறித் தம் பெயரைத் தர மறுத்த ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெற இயலவில்லை. அதே 1952இல், காஞ்சன்பாக்கைப் போல மூசி ஆற்றுக்குத் தெற்கே அமைந்த ஷாலிபண்டா தொகுதியில் மாசூமா பேகம் வெற்றி பெற்று ஹைதராபாத் சட்டசபையில் அமர்ந்தார். உரிமையைப் பயன்படுத்தும் ஆற்றல் எங்கும் ஒரே வேகத்தில் வளரவில்லை என்பதை இவ்விரு செய்திகளும் உணர்த்துகின்றன.

இன்றைய படிப்பினை

2019 மக்களவைத் தேர்தலில் பெண்களின் வாக்குப்பதிவு விகிதம் ஆண்களினுடையதைச் சற்றே விஞ்சியது. ஆயினும் 2024இல் 543 இடங்களில் 74இல் மட்டுமே பெண்கள் வென்றனர். ஊராட்சிகளில் 73ஆவது திருத்தம் மூன்றில் ஒரு பங்கு இடங்களை உறுதி செய்தது. 2023இல் நிறைவேறிய 106ஆவது திருத்தம் அதே கொள்கையை மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் விரித்தது. சரோஜினி வேண்டாம் என்ற ஒதுக்கீட்டையே அவர் விரும்பிய சமத்துவத்திற்கு வழியாக நாடு தேர்ந்துள்ளது. இதனால் அவர் கொள்கை தோற்றுவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. வாக்குச் சீட்டு சமமானாலும் சொத்தும் கல்வியும் வேட்பாளராகும் வாய்ப்பும் சமமாகவில்லை என்பதையே முக்கால் நூற்றாண்டு அனுபவம் காட்டியுள்ளது. அக்குறை நீங்கும் அளவுக்கு ஒதுக்கீட்டின் தேவையும் குறையும். வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கும் அலுவலர் ஒரு பெண்ணின் பெயரை அவள் பெயராகவே எழுதுவதில் தொடங்கும் பணி அது.