ஔவையின் தூது: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

இன்றைய தருமபுரியே சங்ககாலத் தகடூர். அதன் மன்னன் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுள்ளன. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்னும் பொருளில் ஔவை பாடினார் (புறநானூறு 95).

“தொண்டைமானைப் புகழ்ந்தாரா, எச்சரித்தாரா?” என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். பலரும் “புகழ்ந்தார்” என்றனர். “வேல் ஏன் சிதைந்தது?” என்றதும், “போரிட்டதால்!” என்றனர். எச்சரிக்கை புரிந்தது.

அடுத்து, நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராத நண்பனிடம் மனம் நோகாமல் கேட்டுவர ‘தூதர்’களை அனுப்பினேன். கேட்டவர் தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் சொல்ல வேண்டும். சொல் மாறலாம், செய்தி மாறக்கூடாது. மதிப்பீடும் அதுவே.