நாற்பதில் ஓய்வு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

'எத்தனை கோடி சேர்ந்தால் வேலையை விடலாம்?' ஐடி கம்பெனி கேன்டீன்களிலும் யூடியூப் சேனல்களிலும் இன்று அடிக்கடி அடிபடும் கேள்வி இது. அமெரிக்காவில் 'ஃபயர்' (நிதிச் சுதந்திரம், முன்கூட்டிய ஓய்வு) என்ற சுருக்கப் பெயரில் பரவிய சிந்தனைதான் இதன் பின்னால் இருக்கிறது. விக்கி ராபினும் ஜோ டொமிங்குவஸும் 1992இல் எழுதிய 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' என்ற புத்தகம் அதற்கு வித்திட்டது. செலவைக் குறைத்து, மிச்சத்தை முதலீடு செய்து, அதன் வருமானத்தில் வாழ வழி செய்துகொண்டு, 58 வயதுவரை காத்திராமல் விடைபெறுவது என்பதே இதன் சாரம். யோசனையில் பிழையில்லை. அதையொட்டிப் புழங்கும் கணக்குகள் பலவற்றில்தான் ஓட்டை இருக்கிறது.

நம்பிக்கை: கைநிறையச் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் இது முடியும்.

உண்மை: சம்பளத்தின் அளவைவிட, அதில் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்பதுதான் காலத்தைத் தீர்மானிக்கிறது. ஒருவர் மாதம் 1,50,000 ரூபாய் வாங்கி 30,000 சேமிக்கிறார். இன்னொருவர் 70,000 வாங்கி 35,000 சேமிக்கிறார். ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்ப்பது இருவருக்கும் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். முன்னவருக்கு 3 கோடியே 60 லட்சம் வேண்டும். பின்னவருக்கு 1 கோடியே 5 லட்சம் போதும். விலைவாசி உயர்வு போக முதலீடு 3 சதவீதம் வளர்ந்தால், பின்னவர் சுமார் 19 ஆண்டுகளில் இலக்கை எட்டிவிடுவார். முன்னவருக்கு 47 ஆண்டுகள் ஆகும். செலவு குறையும்போது சேமிப்பு கூடுகிறது, சேர்க்க வேண்டிய தொகையும் இறங்குகிறது.

ஆனால் 25,000 சம்பளத்தில் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், பெற்றோரின் மருந்துச் செலவு எல்லாம் பார்ப்பவரிடம் 'பாதியைச் சேமி' என்பது அபத்தம். அவருக்கு முதல் தேவை வருமான உயர்வு.

நம்பிக்கை: மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி போட்டுவிட்டால் மீதியைக் கூட்டு வட்டி பார்த்துக்கொள்ளும்.

உண்மை: பார்த்துக்கொள்ளும், ஆனால் ஆற அமரத்தான். மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 10 ஆண்டுகளில் கையில் இருப்பது ஏறக்குறைய 23 லட்சம். அதில் 12 லட்சம் போட்டவரின் சொந்தப் பணம். அதே எஸ்ஐபி 20 ஆண்டுகளில் ஒரு கோடியை நெருங்கும். 30 ஆண்டுகளில் மூன்றரைக் கோடியாகும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பெட்ரோல் பங்க்கிலும், பிறகு ஒரு கடையில் துப்புரவுப் பணியாளராகவும் வேலை பார்த்த ரொனால்ட் ரீட், சுமார் 80 லட்சம் டாலர் சொத்தை விட்டுச் சென்றார். பெரும்பகுதியை உள்ளூர் மருத்துவமனைக்கும் நூலகத்துக்கும் எழுதி வைத்திருந்தார். கூட்டு வட்டியின் மகிமைக்கு இவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 2014இல் இறந்தபோது அவருக்கு வயது 92 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாற்பதில் ஓய்வு கேட்பவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. கூட்டு வட்டி செய்யாததை அவருடைய சேமிப்பு விகிதம்தான் செய்தாக வேண்டும்.

நம்பிக்கை: ஆண்டுச் செலவின் 25 மடங்கு சேர்ந்தால் ஆயுளுக்கும் கவலையில்லை.

உண்மை: இந்தச் சூத்திரத்தின் பிறப்பைப் பார்த்தாலே வரம்பு புரிந்துவிடும். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற கலிபோர்னிய நிதி ஆலோசகர், 1926 முதலான அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார். சேமிப்பைப் பங்குகளிலும் அரசுக் கடன் பத்திரங்களிலும் பிரித்துப் போட்டு, முதல் ஆண்டில் 4 சதவீதம், அதாவது 25இல் ஒரு பங்கு, எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனால் எத்தனை ஆண்டு தாங்கும்? மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் தாங்கியது. 1998இல் டெக்சாஸின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் செய்த ஆய்வும் 30 ஆண்டுகளோடு நின்றுகொண்டது.

அறுபதில் ஓய்வு பெறுபவருக்கு 30 ஆண்டு சரி. நாற்பதில் விடைபெறுபவருக்கு 45 ஆண்டுகள்கூடத் தேவைப்படலாம். இந்திய விலைவாசி அமெரிக்காவைவிட வேகமாக ஏறி வந்திருக்கிறது. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 35,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு 20 ஆண்டுகளில் 1 லட்சத்து 12 ஆயிரம் வேண்டும்.

இன்னொரு கண்ணி, ஓய்வு பெறும் நேரம். 1992 ஏப்ரலில், பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா காலத்து ஏற்றத்தில், சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டி நின்றது. 2003 ஏப்ரலில் அது 3,000க்கும் கீழே கிடந்தது. அந்த 11 ஆண்டுகளில் விலைவாசி இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. 1992இல் எல்லாவற்றையும் பங்குகளில் வைத்துக்கொண்டு ஓய்வு பெற்ற ஒருவர், மாதச் செலவுக்காக இறங்கிய விலையில் விற்றுக்கொண்டே இருந்திருப்பார். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டபோது அவரிடம் மிஞ்சியிருக்கக்கூடியது கொஞ்சம்தான். சராசரி லாபம் நன்றாக இருந்தும், தொடக்க ஆண்டுகளில் விழுந்த அடி ஆளைச் சாய்த்துவிடும். அதனால் மூன்று நான்கு ஆண்டுச் செலவை எஃப்டி போன்றவற்றில் தனியாக ஒதுக்கி வைப்பதும், 4 சதவீதத்துக்குப் பதில் 3 சதவீதத்தை, அதாவது சுமார் 33 மடங்கை, இலக்காகக் கொள்வதும் இங்கே பொருத்தம்.

நம்பிக்கை: தங்கமும் மனையும் இருந்தால் போதும்.

உண்மை: இரண்டும் சொத்துதான், மாதாமாதம் சோறு போடுமா என்பதே கேள்வி. 80 லட்ச ரூபாய் ஃபிளாட் 20,000 வாடகைக்குப் போனால் ஆண்டு வருமானம் 3 சதவீதம். சொத்து வரி, பராமரிப்பு, ஆள் வராத மாதங்கள் அதிலும் கழியும். மனைக்கு அந்த வாடகையும் இல்லை. அதன் ஒரு மூலையை மட்டும் விற்று மளிகை பாக்கியை அடைக்கவும் முடியாது. தங்கம் அண்மை ஆண்டுகளில் நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், அந்த விலையை மறுபடி தாண்டியது 2008இல்தான். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எதுவும் விற்கும்போது திரும்பி வராது.

நம்பிக்கை: எஃப் அண்ட் ஓ (பங்குச் சந்தை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) டிரேடிங்கில் சீக்கிரம் சேர்த்துவிடலாம்.

உண்மை: பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர் டிரேடர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

நம்பிக்கை: பிஎஃப் இருக்கிறது, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது.

உண்மை: பிஎஃப் பென்ஷன் பொதுவாக 58 வயதில்தான் தொடங்கும். சட்டத்தின் சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாயை வைத்துக் கணக்கிட்டால், 18 ஆண்டுப் பணிக்குக் கிடைப்பது மாதம் 3,857 ரூபாய். கம்பெனியின் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸோ ராஜினாமாவோடு நின்றுவிடும். அதன்பின் புதிதாக பாலிசி எடுக்கப் போனால், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 36 மாதங்கள்வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம். ஆகவே, முன்கூட்டி ஓய்வு பெற நினைப்பவர்கள் ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே குடும்பத்துக்கென்று சொந்த மெடிக்கல் பாலிசி ஒன்றை எடுத்து, அதன் பிரீமியத்தையும் ஆண்டுச் செலவில் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுங்கள்.