மரப்பட்டையில் ஒரு குட்டி முள்ளுக்கரண்டி

பிள்ளைகளே, மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓர்ஹூஸ் நகரத்து மார்செலிஸ்போர்க் காட்டில் நீங்கள் அம்மம்மாவோடு நடக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அம்மம்மா ஒரு பீச் மரத்தின் முன்னால் நிற்கிறார். அதன் சாம்பல் நிறப் பட்டையில் பச்சைத் திட்டுகள் தெரிகின்றன.

“ஐயோ, இந்த மரத்துக்கு என்ன வருத்தமோ? குருவிச்சை மாதிரி இதுவும் மரத்தின்ர சாற்றைக் குடிக்குதோ? உரிச்சு எறிவமா?”

“பொறுங்கோ அம்மம்மா! முதல்ல பாப்பம்.”

நல்ல பதில்! பூதக்கண்ணாடியை எடுங்கள். என்ன தெரிகிறது?

மெல்லிய பச்சை நாடாக்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் அகலம். நாடாவின் நுனி இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த நுனி மறுபடியும் இரண்டாகப் பிரிகிறது. முள்ளுக்கரண்டி போல இல்லையா? டேனிஷ் மொழியிலும் இதன் பெயர் ‘கஃபெல்லோவ்’. ‘கஃபெல்’ என்றால் முள்ளுக்கரண்டி. ‘லோவ்’ என்றால் இலைகள்.

இது ‘லெவர்மோஸ்’ என்னும் கூட்டத்தைச் சேர்ந்த செடி. ‘லெவர்’ என்றால் ஈரல். பாணில் பூசும் லெவர்பொஸ்தை ஞாபகம் வருகிறதா? அதே ‘லெவர்’தான்! இந்தக் கூட்டத்துச் செடிகள் சில ஈரலின் வடிவில் இருப்பதாக அந்தக் காலத்து மக்கள் நினைத்தார்கள். அதனால் வந்த பெயர் இது. இந்தச் செடிகள் பூப்பதில்லை, காய்ப்பதும் இல்லை.

சரி, அம்மம்மாவின் கேள்விக்கு வருவோம். இது மரத்தின் சாற்றைக் குடிக்கிறதா?

இல்லை. குருவிச்சை மாமரக் கிளைக்குள் புகுந்து, மரத்தின் நீரை உறிஞ்சும். கஃபெல்லோவுக்கோ வேரே கிடையாது. மயிர் போன்ற இழைகளால் பட்டையைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மழைநீரை உடம்பு முழுவதாலும் குடிக்கும். நடு நரம்பைத் தவிர மற்ற இடமெல்லாம் ஒரே ஒரு கலத்தின் தடிப்புத்தான். அதனால் நீர் சுலபமாக உள்ளே போகும். வெளிச்சத்தில் தன் உணவைத் தானே தயாரிக்கும். மழை இல்லாவிட்டால் காய்ந்து சுருண்டுவிடும். மழை வந்ததும் மீண்டும் பச்சையாகும்.

ஆனால், உடம்பு முழுவதாலும் குடிக்கும் செடிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகம் காற்றில் கூடினால், அதுவும் உள்ளே போய்விடும். இப்படித்தான் ஐரோப்பிய நகரங்களில் மரப்பட்டையில் வாழும் பல பாசிகள் அழிந்தன. காற்றுச் சுத்தமான பிறகு அவற்றில் பல திரும்பி வந்தன. நாமும் உரித்து எறியலாமா? உரிக்க ஒரு நொடி போதும். மறுபடி படர ஆண்டுகள் ஆகும்.

“அப்ப இது சாப்பாடு கேக்காத விருந்தாளி எண்டு சொல்லு!” என்று அம்மம்மா சிரிக்கிறார்.

பேச்சும் எழுத்தும்
பாப்பம் – பார்ப்போம்
எண்டு – என்று
மரத்தின்ர – மரத்தினுடைய
வருத்தம் – நோய்

விடை எழுதுங்கள்
1. கஃபெல்லோவ் என்ற பெயர் ஏன் வந்தது?
2. குருவிச்சைக்கும் கஃபெல்லோவுக்கும் உள்ள வேறுபாடு என்ன?
3. கந்தகப் புகை இந்தச் செடிக்கு ஏன் ஆபத்து?

செய்து பாருங்கள்
குளிர்காலத்தில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது இந்தச் செடி பச்சையாகவே இருக்கும். தேடிப் பாருங்கள். உரிக்காமல், பார்த்தபடி வரையுங்கள். ஊரில் குருவிச்சை எந்த மரத்தில் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, மூன்று வசனங்கள் எழுதுங்கள்.