எந்த நகரம் பெரிது? முதலில் கோடு எங்கே என்று கேளுங்கள்



பொது அறிவுப் புதிர்ப் போட்டிகளில் தவறாமல் வரும் ஒரு கேள்வி: "உலகத்திலேயே அதிக மக்கள் வாழும் நகரம் எது?" ரொம்ப வருஷமாக "தோக்கியோ" என்று சொன்னால் மதிப்பெண் கிடைத்துவிடும். 2025 நவம்பரில் ஐநா வெளியிட்ட நகரமய அறிக்கையில் அந்தப் பதில் மாறிவிட்டது. இப்போது முதல் இடம் நம்ம பக்கத்து நாட்டு ஜகார்த்தாவுக்கு.

இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

2018 பட்டியல்:
தோக்கியோ – 3 கோடியே 74 லட்சம்
டில்லி – 2 கோடியே 85 லட்சம்
ஷங்ஹாய் – 2 கோடியே 56 லட்சம்

2025 பட்டியல்:
ஜகார்த்தா – ஏறக்குறைய 4 கோடியே 20 லட்சம்
டாக்கா – ஏறக்குறைய 3 கோடியே 70 லட்சம்
தோக்கியோ – சுமார் 3 கோடியே 30 லட்சம்

2018 பட்டியலில் ஜகார்த்தா முதல் பத்துக்குள்கூட இல்லை. அதன் எண்ணிக்கை அப்போது சுமார் 1 கோடியே 5 லட்சம்தான். அப்படியென்றால் ஏழு வருஷத்தில் 3 கோடி பேர் எங்கிருந்து வந்தாங்க? எங்கிருந்தும் வரவில்லை. பெரும்பாலோர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள். நகரத்தைச் சுற்றிப் போட்ட கோடுதான் மாறியது.

இந்தக் கட்டுரையில் நாம் படிக்கப் போவது அந்தக் கோட்டைப் பற்றித்தான். சும்மா புள்ளிவிவரம்தானே என்று நினைக்காதீங்க. யாருக்கு ரயில், யாருக்குத் தண்ணீர், வெள்ளம் வந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்தக் கோட்டோடு சேர்ந்த விஷயம்.

மூன்று விதமான கோடுகள்

ஒரு நகரத்தை மூன்று வழியில் அளக்கலாம்.

முதலாவது, நிர்வாக எல்லை. அரசாங்கம் சட்டப்படி வரைந்த கோடு இது. கோலாலம்பூர் என்றால் 243 சதுர கிலோமீட்டர் கூட்டரசுப் பிரதேசம், அவ்வளவுதான்.

இரண்டாவது, தொடர்ச்சியான நகர்ப்பகுதி. வானத்திலிருந்து பார்த்தால் வீடு, கடை, சாலை என்று இடைவெளி இல்லாமல் எதுவரை போகிறதோ அதுவரை நகரம். இதில் மாநில எல்லை, மாவட்ட எல்லை எதுவும் கணக்கில் வராது.

மூன்றாவது, பெருநகர்ப் பகுதி. மையத்தில் வேலை, சுற்றுப்புறத்தில் வீடு என்று தினமும் போய்வரும் மக்களையும் சேர்த்துப் பார்ப்பது. நடுவில் கொஞ்சம் தோப்பு, வயல் இருந்தாலும் பரவாயில்லை. வாழ்க்கை இணைந்திருந்தால் அது ஒரே நகரம்.

நமக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்பட்டு பத்துமலைக்குப் போகிறது. ஆலயம் இருப்பது கோலாலம்பூரில். பத்துமலை இருப்பது சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டத்தில். ரதத்தோடு நடந்து போகிற யாராவது "இதோ, இப்போ மாநிலம் மாறிவிட்டது" என்று நின்று பார்த்திருக்கிறார்களா? நிர்வாகக் கோடு இருக்கிறது, ஆனால் நம் கால்களுக்கு அது தெரிவதில்லை. பெருநகர்ப் பகுதி என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒரே பெயர், வேறு வேறு எண்கள்

இப்போது தோக்கியோவை எடுத்துக்கொள்வோம். நகரத்தின் நடுவில் 23 சிறப்பு வட்டாரங்கள் இருக்கின்றன. 2020 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 97 லட்சம் பேர். 'தோக்கியோ பெருநகரம்' என்ற நிர்வாகப் பகுதி முழுவதையும் எடுத்தால் சுமார் 1 கோடியே 40 லட்சம். அந்த எல்லைக்குள் மேற்கே மலைக்காடும் உண்டு, ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே கடலில் இருக்கும் ஒகசவாரா தீவுகளும் உண்டு! கானகாவா, சைத்தாமா, சிபா என்ற மூன்று அண்டை மாநிலங்களையும் சேர்த்தால் சுமார் 3 கோடியே 69 லட்சம். மூன்று எண்ணுமே சரி. எது பொருத்தம் என்பது நாம் எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சீனாவின் சோங்சிங் இதைவிட வேடிக்கையான கதை. 1997-ல் சிச்சுவான் மாநிலத்திலிருந்து பிரித்து, மத்திய அரசின் நேரடி நிர்வாகத்தில் ஒரு மாநகராட்சி ஆக்கினார்கள். 2020 கணக்கெடுப்பில் அங்கே 3 கோடியே 20 லட்சம் பேர். "அப்போ உலகத்திலேயே பெரிய மாநகராட்சி அதுதானே" என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அதன் பரப்பளவு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர். பேராக்கையும் பகாங்கையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த அளவு வராது. ஆஸ்திரியா நாட்டுக்கு ஏறக்குறைய சமம். அதற்குள் மலையும் நெல்வயலும் கிராமமும் நிறைய. வகுத்துப் பாருங்க: ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 390 பேர்தான். தோக்கியோவின் 23 வட்டாரங்களில் அதே கணக்கு 15,000-ஐத் தாண்டும். பெயர்ப் பலகையில் மாநகராட்சி என்று எழுதியிருப்பதால் மட்டும் ஓர் இடம் முழுவதும் நகரமாகிவிடாது.

ஜகார்த்தா இதற்கு நேர் எதிர். அதன் நிர்வாக எல்லை 660 சதுர கிலோமீட்டர் அளவுதான். 2020-ல் அங்கே சுமார் 1 கோடியே 5 லட்சம் பேர். ஆனால் போகோர், டெப்போக், தாங்கெராங், பெக்காசி என்று சுற்றிலும் ஊர்கள் ஒட்டிக்கொண்டே போகின்றன. இந்தோனேசியர்கள் ஜகார்த்தாவோடு இந்த ஊர்ப் பெயர்களின் முதல் அசைகளையும் சேர்த்து 'ஜபொடெத்தாபெக்' என்றே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் அங்கிருந்து லட்சக்கணக்கானோர் ரயிலில் ஏறி ஜகார்த்தாவுக்கு வேலைக்கு வருகிறார்கள். பழைய பட்டியல் அவர்களைச் சேர்க்கவில்லை.

ஐநா என்ன மாற்றியது?

முன்பெல்லாம் ஒவ்வொரு நாடும் தன் நகரத்துக்குத் தானே கொடுத்த வரையறையை ஐநா பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு நாடு அகலமாகக் கோடு போட்டது, இன்னொன்று குறுகலாகப் போட்டது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் ஒப்பீடு எப்படி நியாயமாகும்? ஒருவர் உயரத்தைச் செருப்போடும் மற்றவர் உயரத்தைச் செருப்பில்லாமலும் அளந்த மாதிரி.

2020-ல் ஐநா புள்ளியியல் ஆணையம் ஒரு பொது முறையை ஏற்றுக்கொண்டது. உலகம் முழுவதையும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்று கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் குறைந்தது 1,500 பேர் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்து, மொத்தம் 50,000 பேரையாவது எட்டினால் அது ஒரு நகரம். நாட்டின் பெயரோ அரசியல் எல்லையோ இதில் நுழையாது.

இந்த அளவுகோலை வைத்தவுடன் ஜகார்த்தா விரிந்தது, தோக்கியோ கொஞ்சம் சுருங்கியது. முதல் பத்தில் ஒன்பது நகரங்கள் ஆசியாவில். கெய்ரோ மட்டுமே வெளியிலிருந்து வருகிறது. 2050-க்குள் டாக்கா முதலிடத்துக்கு வரும் என்றும் அந்த அறிக்கை கணிக்கிறது. 1971-ல் வங்காளதேசம் பிறந்தபோது டாக்காவில் சுமார் 15 லட்சம் பேர்தான். வேலை தேடி வந்தவர்கள், வெள்ளத்தாலும் ஆற்று அரிப்பாலும் நிலத்தை இழந்து வந்தவர்கள் என்று கூட்டம் கூடிக்கொண்டே போனது. அங்கே முதல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2022 டிசம்பரில்தான். மக்கள் முதலில் வந்துவிட்டார்கள், ரயில் பின்னால் வந்தது.

தண்ணீருக்குக் கோடு தெரியாது

பொறியியல் படிக்கிறவனாக எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். மக்கள்தொகை ஒரு பெருமைக்குரிய எண் இல்லை. அது ஒரு சுமை. தூணின் மேல் எவ்வளவு சுமை என்று தெரியாமல் தூண் கட்ட முடியாது இல்லையா? நகரமும் அப்படித்தான்.

ஜகார்த்தாவில் எல்லா வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர் போதவில்லை. அதனால் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். உறிஞ்ச உறிஞ்ச நிலம் இறங்குகிறது. வடக்கு ஜகார்த்தாவின் சில இடங்கள் பத்து வருஷத்தில் 2 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கின்றன. இன்னொரு பக்கம், போகோர் மலைப்பகுதியில் பெய்யும் மழை சிலிவூங் ஆற்றில் ஓடி ஜகார்த்தாவில் வெள்ளமாகிறது. அதற்கு அங்கே 'பன்ஜிர் கிரிமான்' என்று பெயர். அனுப்பி வைக்கப்பட்ட வெள்ளம்! மழை பெய்யும் மலை ஒரு மாநிலத்தில், மூழ்கும் நகரம் இன்னொரு நிர்வாகத்தில்.

இதே பிரச்சினை தோக்கியோவுக்கும் இருந்தது. தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை இழுத்ததால் கிழக்கே கோத்தோ வட்டாரத்தில் நிலம் மொத்தத்தில் 4 மீட்டருக்கும் மேல் இறங்கியது. 1956-லும் 1962-லும் சட்டம் போட்டு நீர் உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தினார்கள். 1970-களில் இறக்கம் பெரும்பாலும் நின்றது. இறங்கிய நிலம் திரும்ப ஏறவில்லை. ஆனால் மேலும் இறங்காமல் காப்பாற்றிவிட்டார்கள்.

வெள்ளத்துக்கு அவர்கள் செய்த வேலையையும் கவனியுங்க. 2006-ல் முடிந்த பிரம்மாண்டமான நிலத்தடி வெள்ளநீர்ச் சுரங்கம் 6.3 கிலோமீட்டர் நீளம். சிறிய ஆறுகள் நிரம்பும்போது நீரை வாங்கி, எதோ என்ற பெரிய ஆற்றில் பம்ப் வைத்து விடுகிறது. அது இருப்பது தோக்கியோ எல்லைக்குள் இல்லை, பக்கத்து சைத்தாமாவில். ஆறு ஓடும் வழியைப் பார்த்துத்தான் இடம் பிடித்தார்கள்.

டில்லியும் இதைப் புரிந்துகொண்டது. தலைநகர வட்டாரம் முழுவதற்கும் திட்டமிட 1985-லேயே தனி வாரியம் அமைக்கச் சட்டம் வந்தது. டில்லி மெட்ரோ 2009-ல் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவுக்கும் 2010-ல் ஹரியானாவின் குருகிராமுக்கும் போனது. ரயில் எல்லை தாண்டியது, ஆனால் பனிக்காலப் புகைமூட்டத்துக்கு யார் பொறுப்பு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நம்ம கிள்ளான் பள்ளத்தாக்கு

2020 கணக்கெடுப்பில் கோலாலம்பூரில் 19 லட்சத்து 80 ஆயிரம் பேர். பக்கத்தில் இருக்கும் பெட்டாலிங் மாவட்டத்தில் மட்டும் சுமார் 23 லட்சம் பேர். ஆமாம், தலைநகரைவிட அதிகம்! பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலம் எல்லாம் அதற்குள் வருகின்றன. கோலாலம்பூர், புத்ராஜெயா, சிலாங்கூர் மூன்றையும் கூட்டினால் 90 லட்சத்தைத் தாண்டுகிறது.

2020 செப்டம்பரில் நடந்தது நினைவிருக்கும். சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கோலாலம்பூரில் இருந்தவர்களும் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். தலைநகருக்குத் தண்ணீர் பெரும்பாலும் சிலாங்கூரிலிருந்துதான் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்ட் தோட்டத்தின் மேல். ஷா ஆலம் எழுந்த இடத்திலும் ரப்பர்த் தோட்டம் இருந்தது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய நிலம் அது. அவர்கள் நகரத்தைத் தேடிப் போகவில்லை, நகரம் தோட்டத்தைத் தேடி வந்தது. கோடு நகர்ந்தபோது சிலருக்கு வீடு கிடைத்தது. சிலர் லயத்தை விட்டு வெளியேறி, பேருந்து சரியாக வராத ஓரங்களுக்குப் போனார்கள். பட்டியலில் ஒரு நகரம் 'வளர்ந்தது' என்று படிக்கும்போது, அந்த வளர்ச்சி யார் வாசல் வழியாகப் போனது என்றும் நாம் கேட்க வேண்டும்.

பாடம் என்ன?

அடுத்த முறை யாராவது "எந்த நகரம் பெரிது?" என்று கேட்டால், மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்க. எந்தக் கோட்டை வைத்துச் சொல்கிறீர்கள்? எந்த வருஷத்துக் கணக்கு? பரப்பளவு எவ்வளவு? இந்த மூன்றும் இல்லாத ஒப்பீடு அரட்டைக்கு உதவும், திட்டமிட உதவாது.

அதைவிட முக்கியமாக, கோட்டுக்கு வெளியே விடப்பட்டவர்களைத் தேடுங்க. மையத்தில் வேலை செய்து ஓரத்தில் தூங்குகிறவர்கள்தான் எல்லாப் பெருநகரங்களையும் ஓடவைக்கிறார்கள். 2015 கணக்கெடுப்பின்படி தோக்கியோ நிர்வாகப் பகுதியில் இரவைவிடப் பகலில் சுமார் 24 லட்சம் பேர் அதிகம். அவர்களை எண்ணியதால்தான் அங்கே அவர்களுக்கு ரயில் இருக்கிறது. எண்ணப்படாதவர்களுக்கு யாரும் எதையும் கட்டுவதில்லை.

கலந்து பேச:

1. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் வழியில் எத்தனை ஊராட்சி, மாநகராட்சி எல்லைகளைத் தாண்டுகிறீர்கள்? வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

2. ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று தினமும் பாலம் தாண்டுகிறவர் எந்த நகரத்தின் கணக்கில் வரவேண்டும்? ஏன்?

3. உங்கள் குடும்பம் இப்போது இருக்கும் இடம் 50 வருஷத்துக்கு முன் என்னவாக இருந்தது? வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்.