பழைய எஞ்சினும் கிடையாத போல்ட்டும்

பழைய மோட்டார் வண்டியைப் பழுதுபார்க்கப் புகுவோர், பிஸ்டனும் வால்வும் கிடைக்குமோ என்றே முதலிற் கவலையுறுவர். பிஸ்டன் எப்படியோ கிடைத்துவிடுகிறது; கிடையாமற்போவது எவரும் பொருட்படுத்தாத ஒரு போல்ட்டேயாம். வண்டியைச் செய்த கம்பெனியார் அதன் எண்ணைத் தம் அட்டவணையினின்று நீக்கிப் பல்லாண்டுகள் கழிந்திருக்கும். கடைக்காரரோ, நாம் காட்டும் மாதிரியைப் பார்த்துவிட்டு, ‘இதுவே போதும்’ என்று வேறொன்றை எடுத்து நீட்டுவர். அது பார்வைக்கு ஒத்திருக்கும். விரலாற் சுற்ற உள்ளேயும் செல்லும். அங்ஙனம் சென்றமையே அது தக்கதென்பதற்குச் சான்றாகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் போல்ட்டு செய்யும் தொழிலை அறிதல் வேண்டும். இரண்டு பாகங்களைச் சேர்த்துத் தைக்கும் ஆணியே அது என்று பலர் எண்ணுவர். உண்மையில், அஃது இழுத்துக் கட்டிய ரப்பர்ப் பட்டையை ஒத்தது. நட்டை முடுக்குந்தோறும் போல்ட்டு மயிரிழையளவு நீள்கின்றது. நீண்டது மீண்டும் சுருங்க முயலும் வலியே பாகங்களை நெருக்கிப் பிடிக்கின்றது. இது ராபர்ட் ஹூக் என்பார் 1678-இல் விளக்கி வெளியிட்ட விதியே. பௌதிக வகுப்பிற் கம்பியில் எடையைத் தொங்கவிட்டு நாம் அளக்கும் பாடமும் இதுவேயன்றோ?

கணக்கிட்டுப் பார்ப்போம். எஃகின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2,00,000 நியூட்டன். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள போல்ட்டை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வீதம் இழுத்து முடுக்கினால், அது கால் மில்லிமீட்டர் நீளும். 20 மில்லிமீட்டர் போல்ட்டோ அதே இழுப்பில் 0.05 மில்லிமீட்டரே நீளும். இனி இடையிலுள்ள அட்டை வெப்பத்தால் 0.05 மில்லிமீட்டர் அமுங்கிற்று என்று கொள்வோம். நீண்ட போல்ட்டு தன் வலியில் ஐந்திலொரு பங்கை இழக்கும். குட்டைப் போல்ட்டோ முழுவதையும் இழந்து தளர்ந்து போகும். ஆதலின், எஞ்சினைச் செய்தவர் ஓரிடத்தில் நீண்ட போல்ட்டை வைத்திருப்பரேல், அது வீணாக வைத்ததன்று. ‘நீளமானது கிடைக்கவில்லை’ என்று குட்டையானதை இட்டுப் பூட்டுவது, அளவை மட்டுமன்று, அவருடைய கருத்தையே மாற்றுவதாகும்.

இனி, போல்ட்டின் புரியைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். பட்டறையார் இதனைத் திரெட்டு என்பர். இங்கிலாந்திலே பட்டறைக்குப் பட்டறை புரி வேறுபட்டிருந்த குழப்பத்தைக் கண்டு, ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841-இல் ஒரே அளவைத் திட்டத்தை முன்வைத்தார். அவர் கொண்ட புரியின் கோணம் 55 பாகை. 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் ஸெல்லர்ஸ் 60 பாகையைக் கொண்டார். இரு நாட்டுப் போல்ட்டும் ஒன்றற்கொன்று இசையாமையால் இரண்டாம் உலகப் போரில் நேர்ந்த இடர்ப்பாடு பெரிது. ஆகவே அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் 1948-இல் 60 பாகைப் புரியையே பொதுவென ஒப்புக்கொண்டன. விந்தை யாதெனில், கால் அங்குலம் முதல் பல அளவுகளில், பருமனான விட்வொர்த் புரிக்கும் பருமனான அமெரிக்கப் புரிக்கும் அங்குலத்துக்கு இத்தனை என்னும் எண்ணிக்கை ஒன்றே. அரை அங்குலத்தில் மட்டும் ஒன்று 12, மற்றது 13. எனவே ஒன்றின் நட்டு மற்றதன் மேல் ஏறிவிடும். ஆயினும் கோணம் வேறாதலின், புரியின் பக்கங்கள் முழுதும் படியாது ஓரங்களிலே மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். ஏறிற்றென்று மகிழ்வது இங்கே பிழையாகும்.

இதனினும் நுட்பமான வஞ்சகம் ஒன்றுண்டு. பிரெஞ்சு நாட்டு ஹாட்ச்கிஸ் என்னும் ஆயுதக் கம்பெனியார், முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலை நிறுவினர். போர் முடிந்தபின் துப்பாக்கிக்கு வேலையில்லாமையால், மாரிஸ் மோட்டார் வண்டிகளுக்கு எஞ்சின் செய்து கொடுத்தனர். 1923-இல் வில்லியம் மாரிஸ் அத்தொழிற்சாலையையே விலைக்கு வாங்கினார். அங்கிருந்த யந்திரங்கள் மெட்ரிக் புரி வெட்டுவன; இங்கிலாந்துப் பழுதுபார்ப்போர் கையிலோ விட்வொர்த் ஸ்பானர்களே இருந்தன. ஆகவே போல்ட்டின் புரி மெட்ரிக்காகவும், தலை மட்டும் விட்வொர்த் அளவாகவும் செய்யப்பட்டது! இவ்வழக்கம் அத்தோடு ஒழியாமல், 1945-இல் வெளிவந்த எம்.ஜி. டி.சி. வண்டியினும், 1955-இல் நின்ற டி.எஃப். வண்டியினும் அமைந்த எஞ்சின் வரையில் தொடர்ந்து வந்தது. தலைக்கு இங்கிலாந்து ஸ்பானர் பொருந்தக் கண்டவர், புரியும் இங்கிலாந்துப் புரியே என்று கருதுவது இயல்பே.

நாமும் அங்ஙனம் கருதியவரே. நண்பர் ஒருவரின் எம்.ஜி. வண்டியில், எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலிற் பூட்டும் சிறு போல்ட்டு ஒன்று காணாமற்போயிற்று. கடையொன்றில் 5/16 அங்குல நுண்புரிப் போல்ட்டைக் கொடுத்தனர். அதன் விட்டம் 7.94 மில்லிமீட்டர், வேண்டியதோ 8 மில்லிமீட்டர். புரிக்குப் புரி இடைவெளி அதில் 1.058 மில்லிமீட்டர், வேண்டியது 1 மில்லிமீட்டர். மூன்று சுற்று விரலாலேயே சென்றது. பின்பு இறுகிற்று. அழுக்கென்று நினைத்து எண்ணெயிட்டு ஸ்பானரால் திருப்பினோம். ஐந்தாம் சுற்றில் வேறுபாடு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டராகத் திரண்டுவிட்டது என்பதை அப்பொழுது கணக்கிட்டோமில்லை. போல்ட்டை வெளியே எடுத்தபோது அதன் புரி நார்நாராய்க் கிழிந்திருந்தது. நல்வினைப்பயனாய் துளை பிழைத்தது. சரியான டாப்பு ஒன்றை மெல்லச் செலுத்தி அதனைச் செப்பஞ்செய்தோம். புரியளக்கும் சீப்பு என்னும் சிறு கருவியை அன்றே வாங்கினோம். முதல்நாளே வாங்கியிருக்கலாம்.

நிற்க. புதியது கிடையாதாயின், கழற்றிய போல்ட்டையே மீண்டும் பூட்டலாமா? இதற்கு ஒரே விடை கூறுதல் இயலாது. மூடிகளையும் தகடுகளையும் பிடித்திருக்கும் சிறு போல்ட்டுகள் அதிக வலியை ஏற்பன அல்ல. புரி நன்றாயிருப்பின் அவற்றைத் தாராளமாக மீண்டும் இடலாம். அசல் போல்ட்டு தலையில் செய்தவர் குறியோடு இருக்குமாதலின், பழமை விரும்புவோர்க்கு அதுவே உகந்தது. சிலிண்டர் தலையைப் பிடிக்கும் போல்ட்டுகளையோ ஆராய்ந்தே இடல் வேண்டும். ஒவ்வொன்றையும் சமதளமான கண்ணாடியின்மேல் உருட்டிப் பார்க்க, வளைந்தது துள்ளும். தண்டின் விட்டத்தைப் பல இடங்களில் அளக்க. ஓரிடத்தில் மெலிந்திருப்பின், அது மீளா எல்லையைக் கடந்து நீண்டுவிட்டது என்பது திண்ணம். நல்ல நட்டு ஒன்றைக் கையாலே புரி முழுவதும் ஓட்டுக. நடுவிலே பிடிக்குமாயின் அங்கே புரியிடை நீண்டிருக்கின்றது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகள் முதல் பல எஞ்சின்களில், அந்த எல்லையைக் கடக்கும்வரை வேண்டுமென்றே முடுக்கப்படும் தலைப் போல்ட்டுகள் இடம்பெற்றன. அவற்றை, செய்தவர் அளவு குறித்து அனுமதித்தாலன்றி, மீண்டும் இடலாகாது.

கனெக்டிங் ராடின் போல்ட்டைப் பற்றி நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை. அது ஒவ்வொரு சுழற்சியிலும் இழுப்புண்டு தளர்வது. பல்லாயிரம் மைல் ஓடியதன் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. அது முறியுமேல், ராடு எஞ்சினின் பக்கத்தைப் பிளந்துகொண்டு வெளிவரும். ஐந்து ரூபாய் மிச்சப்படுத்தப் போய் எஞ்சினையே இழந்தவர் பலர். அவ்விடத்திற்குப் புதியதே வேண்டும். கிடைக்குமளவும் வண்டி கொட்டகையில் நிற்கட்டும்.

பழையதைத் துலக்கும் முறையிலும் ஓர் ஆபத்துண்டு. துருவைப் போக்க அமிலத்தில் ஊறவைத்து, மேலே துத்தநாகப் பூச்சு ஏற்றுவது வழக்கம். வலிய எஃகில் அப்பொழுது ஹைட்ரஜன் வாயு புகுந்து, அதனை நொறுங்குந் தன்மையதாக்கும். பளபளப்பாய்ப் பூட்டிய போல்ட்டு, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே தலை தெறித்து விழும். தலையில் 10.9 என்றோ 12.9 என்றோ குறித்தவற்றை அமிலத்திற்கு அருகே கொண்டுசெல்லாது, கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் துலக்குவதே நலம். இவ்வெண்களின் பொருளையும் மாணவர் அறியலாம்: 10.9 என்றால், அறுபடும் வலி சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன். அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 900 வரை இழுத்தால் மீளும். 8.8 என்றால் 800-உம் 640-உம் ஆம். துருப்பிடிக்காத எஃகு அழகியதே; ஆயினும் பொதுவாகக் கடைகளில் விற்கும் அவ்வகை 450-இலேயே மீளா நிலையை அடைவதாதலின் தலைப் போல்ட்டாக உதவாது.

தேடுமிடத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்னைப் புதுப்பேட்டை போன்ற, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைத்தெருக்களில் மூடிப் போல்ட்டுகள் அகப்படும். அங்கும் சீப்பும் காலிப்பரும் சட்டைப்பையில் இருத்தல் வேண்டும். கடைசலில் செய்விப்பதாயின், வெட்டிய புரியைவிட உருட்டி அழுத்திய புரியே களைப்பைத் தாங்கும் என்பதை நினைவிற்கொண்டு, வலி மிகுந்த இடங்களுக்கு அதனைத் தவிர்க்க. துளையையே வேறு புரிக்கு வெட்டிவிடலாம் என்னும் யோசனையை நாம் ஏற்கோம். போல்ட்டு மாற்றத்தக்கது, எஞ்சினின் உடல் அங்ஙனமன்று.

நண்பரின் வண்டிக்கு வேண்டிய போல்ட்டு முடிவில் அகப்பட்டது. 8 மில்லிமீட்டரில் 1 மில்லிமீட்டர் நுண்புரி இந்நாளிலும் செய்யப்படுவதே, தலைதான் வேறு. பழைய தலைகள் 13.3 மில்லிமீட்டர், இதன் தலை 13. அந்த எஞ்சினில் இவ்வொன்று மட்டும் வேறு ஸ்பானருக்கு இணங்குவதாதலின், அடுத்துக் கழற்றுபவர் அறியும்பொருட்டு, வண்டியின் குறிப்புப் புத்தகத்தில் அதன் இடத்தையும் அளவையும் எழுதி வைத்திருக்கின்றோம்.