கல்குவாரிக் கழிவு கரியமில வாயுவைக் குடிக்குமா?

நம்பிக்கை: மதுரை மாவட்டத்தில் மேலூர், கீழவளவுப் பக்கம் குவிந்து கிடக்கும் கிரானைட் கழிவுக் கற்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன.

உண்மை: அப்படி உறிஞ்சும் கல் உண்டு, இது அந்தக் கல் இல்லை. மழைநீரில் கரியமில வாயு கரைந்தால் லேசான அமிலமாகிறது. அது கல்லை அரிக்கும்போது கரைந்து வரும் கால்சியமும் மக்னீசியமும்தான் வாயுவைப் பிடித்துக்கொள்கின்றன. மேலூர்க் கல்லில் பெரும்பங்கு குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும். குவார்ட்ஸ் மழைக்கு மசியவே மசியாது. ஃபெல்ட்ஸ்பார் கரைவதும் மிக மெதுவாகத்தான். நம்பாதவர்கள் அருகிலுள்ள மாங்குளம் குன்றுக்கு ஒரு நடை போய்வரலாம். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரோடு வெட்டிய தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகள், சமண முனிவர்களின் கற்படுக்கைகள், மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோட வெட்டிய காடி என எல்லாம் 2,000 ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. கல்வெட்டுக்கு வரமான அந்த உறுதிதான் கார்பன் கணக்குக்குச் சாபம்.

நம்பிக்கை: பொடியாக்கிவிட்டால் எந்தக் கல்லும் வேலை செய்யும்.

உண்மை: பொடித்தால் தண்ணீர் படும் பரப்பு கூடும், வேகமும் கூடும். ஆனால் கல்லில் இல்லாத மக்னீசியம் எங்கிருந்து வரும்? மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் நிக்கல் சுரங்கக் கழிவு ஆண்டுக்குச் சுமார் 40,000 டன் கரியமில வாயுவைத் தானாகவே பிடிப்பதாக 2014இல் கணக்கிட்டார்கள். அது மக்னீசியம் செறிந்த செர்பென்டைன் தூள். அதுவும் அந்தச் சுரங்கம் வெளிவிடும் வாயுவில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான்.

நம்பிக்கை: தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கல்லே கிடையாது.

உண்மை: சேலத்தில் இருக்கிறது. அங்குள்ள மக்னீசியம் செறிந்த டூனைட் பாறை மண்ணுக்கடியில் கரியமில வாயுவைப் பிடித்து மாறியதுதான் மாக்னசைட். அதன் எடையில் பாதிக்குமேல் அந்த வாயுவே. நாம் என்ன செய்கிறோம்? தோண்டியெடுத்துச் சூளையில் சுட்டு, இயற்கை பூட்டி வைத்ததைப் புகைபோக்கி வழியே திறந்துவிடுகிறோம். மாக்னசைட்டுக்காகத் தோண்டும்போது ஒதுக்கிப்போடும் டூனைட்டைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சத்தீஸ்கர், மத்தியப் பிரதேச நெல்வயல்களில் கரியமில வாயுவைப் பிடிக்கப் பசால்ட் கல்தூள் தூவும் மாட்டி கார்பன் நிறுவனம் 2025 ஏப்ரலில் 5 கோடி டாலர் எக்ஸ்பிரைஸ் பரிசை வென்றது. இனி நம் ஊரிலும் கார்பன் கிரெடிட் பேச்சு அடிபடும். கிரஷர் தூசியை உங்கள் வயலில் கொட்ட யாராவது லாரியோடு வந்தால், அது என்ன கல், அதில் மக்னீசியமும் கால்சியமும் எவ்வளவு என்று ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.