செவிலியும் குழந்தை நலமும்

செவிலி என்னுஞ் சொல், பண்டை அகத்திணை நூல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறிக்கும். தலைவியின் காதலைத் தோழிவாயிலாக உணர்ந்து நற்றாய்க்கு உணர்த்துங் கடமை அவளுடையது. அதனை அறத்தொடு நிற்றல் என்பர். எதனை, யார்க்கு, எப்பொழுது உரைப்பது என்னும் அவ்வினாவே, இக்காலத்து ஸ்காட்லாந்து நாட்டில் இல்லந்தோறுஞ் செல்லும் மருத்துவச் செவிலியரையும் எதிர்கொண்டது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

ஒவ்வொரு குழந்தைக்கும் தக்கதைச் செய்தல் வேண்டுமென்னுங் கொள்கையை அந்நாட்டினர் 2006-ஆம் ஆண்டு முதல் ஹைலாந்துப் பகுதியில் நடைமுறைப்படுத்திப் பார்த்தனர். பாதுகாப்பு, உடல்நலம், முன்னேற்றம், பேணப்படுதல், சுறுசுறுப்பு, மதிக்கப்படுதல், பொறுப்புடைமை, சேர்த்துக்கொள்ளப்படுதல் என நலத்தை எட்டாக வகுத்தனர். ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் குறித்து அமர்த்துமாறு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பள்ளி சேராப் பருவத்தில் அப்பொறுப்பு இல்லஞ் செல்லுஞ் செவிலியர்க்கென வகுக்கப்பட்டது. 2015-இல் ஏற்பட்ட முறைப்படி, குழந்தை பள்ளி சேருமுன் செவிலி 11 முறை இல்லத்திற்குச் செல்லல் வேண்டும்.

ஏட்டில் எளிதாகத் தோன்றிய இது, வீட்டு வாயிலில் அரிதாயிற்று. செவிலிக்கு இல்லத்துட் புகும் சட்ட உரிமை யாதுமில்லை. தாயின் நம்பிக்கையாலேயே கதவு திறக்கும். தன் மனச்சோர்வையும் வறுமையையும் தாய் எடுத்துரைப்பதும் அந்நம்பிக்கையாலேயே. அதனைப் பிறர்க்கு அறிவித்தால், அடுத்தமுறை கதவு திறவாதொழியலாம். அறிவியாதொழிந்து குழந்தைக்குத் தீங்கு நேரின், பழி செவிலியையே சாரும். முன்னர்ப் பெருந்தீங்கு நேருமென அஞ்சியவிடத்தே இசைவின்றிச் செய்தி அறிவிக்கப்பட்டது. புதிய சட்டமோ, நலங் குறித்த ஐயத்திற்கே அதனை விரித்தது.

2016-ஆம் ஆண்டு ஜூலை 28-இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம், சட்டத்தின் நோக்கம் நன்றேயாயினும், செய்தி பகிரும் விதிகள் தனிவாழ்வுக்கும் குடும்ப வாழ்வுக்கும் உரிய உரிமையோடு பொருந்தாவெனத் தீர்ப்பளித்தது. நலம் என்னுஞ் சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை இன்மையையுஞ் சுட்டிற்று. 2019-இல் அரசினர் அக்கட்டாய ஏற்பாட்டைக் கைவிட்டனர், கொள்கையோ நிலைத்தது.

சொல்லாராயும் மாணவராகிய நாம் இதனின்று அறியத்தக்கது ஒன்றுண்டு. சட்டம் வரையறுக்காது விடுத்த சொல்லின் பொருளை வரையறுக்குஞ் சுமை, ஒரு தாயின் எதிரே தனித்தமர்ந்த செவிலியின்மேல் விழுகின்றது. ஆதலின், அவளுக்குக் கட்டளைகளைப் பெருக்குதலினும், தாயரோடு பழகப் போதிய காலமும், ஐயுற்றவிடத்து உசாவத்தக்க மூத்தோர் துணையும் அளித்தலே குழந்தைகட்கு நலம் பயப்பதாம்.